காவலூர் இருட்டும் தங்கவயல் ஆழமும்: வானியல், துகள் இயற்பியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலங்காயம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். வருடத்துக்கு இரண்டு முறையாவது பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்துக்குப் போவோம். மலை ஏறும்போது வேன் முழுக்கப் பாட்டு. இறங்கும்போது பாட்டு நின்றுவிடும், கேள்வி ஆரம்பிக்கும். அடுத்த நாள் பெற்றோரும் வந்து கேட்பார்கள்: "சார், என்னவோ நியூட்ரினோன்னு சொன்னீங்களாமே, அது என்ன?" திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வானியல் பெரியதைப் பற்றியது, துகள் இயற்பியல் சிறியதைப் பற்றியது. இரண்டையும் ஏன் சேர்த்தே பேசுகிறீர்கள்?

1987 பிப்ரவரி 23, திங்கட்கிழமை, மதியம் 1 மணி 5 நிமிடம். வேலூரில் சாப்பாட்டு நேரம். அந்த நிமிடத்தில் நம் ஊரில் இருந்த ஒவ்வொருவர் உடம்பிலும், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும், ஆயிரக்கணக்கான கோடி நியூட்ரினோக்கள் புகுந்து போயின. நியூட்ரினோ என்பது அநேகமாக எதிலும் மோதாமல் எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும் ஒரு நுண்துகள். அவை வானத்திலிருந்து இறங்கவில்லை. தெற்கே, தரைக்குக் கீழிருந்து பூமியைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தன. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அவை கிளம்பிய இடம் பெரிய மெகல்லன் மேகம் என்ற விண்மீன் மண்டலம். தூரம் ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டு. அங்கே ஒரு பெரிய நீலநிற விண்மீனின் நடுப்பகுதி தன் எடை தாங்காமல் உள்ளே சரிந்தது. அந்தச் சரிவில் வெளிப்பட்ட ஆற்றலில் சுமார் 99 சதவீதத்தை நியூட்ரினோக்களே தூக்கிக்கொண்டு போயின. ஜப்பானில் கமியோகாண்டே, அமெரிக்காவில் ஐ.எம்.பி., அன்றைய சோவியத் நாட்டில் பக்சான் என்று மூன்று நிலத்தடிக் கருவிகள் சேர்ந்து பிடித்தது மொத்தம் இரண்டு டசன் நியூட்ரினோ, அவ்வளவுதான். ஒளி சில மணி நேரம் கழித்துத்தான் வந்தது. சிலியில் இயன் ஷெல்டன் என்பவர் எடுத்த புகைப்படத்தில் அது தெரிந்தது. எஸ்.என். 1987ஏ என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு நம் காவலூரிலிருந்தும் அதன் நிறமாலையைப் பதிவு செய்தார்கள்.

செத்துப்போனது ஒரு ராட்சத விண்மீன். அது செத்த விதத்தை முதலில் சொன்னது உலகத்திலேயே மிக மெலிந்த துகள். பெரியதைப் படிக்கச் சிறியது தேவைப்படுகிறது. சிறியதைச் சோதிக்க, பூமியில் கட்ட முடியாத அளவு பெரிய உலை தேவைப்படுகிறது, அந்த உலை வானத்தில் இருக்கிறது. அதனால்தான் இரண்டையும் பிரிக்காமல் பேசுகிறேன்.

காவலூரில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் இருட்டு இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்கப்புறம் வந்தது.

வைணு பாப்பு என்ற வானியலாளர், தென்வானம் நன்றாகத் தெரிகிற, ஊர் வெளிச்சம் எட்டாத ஓர் இடத்தைத் தேடி அலைந்து, கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல், சந்தனக் காட்டுக்கு நடுவே இந்த இடத்தைப் பிடித்தார். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு வேலை தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, கோளுக்கு வெளியேயும் விண்மீனின் ஒளி மினுக்கென்று குறைந்ததை அந்த 1 மீட்டர் தொலைநோக்கியும் பதிவு செய்தது. யுரேனஸுக்கும் வளையம் உண்டு என்று உலகம் அறிந்த இரவு அது. 1988-இல் இராஜமோகன் இங்கிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். இப்போது அதன் பெயர் 4130 ராமானுஜன்.

பெரிய தொலைநோக்கி 2.34 மீட்டர் குறுக்களவு. அதன் ஆடியை வெளிநாட்டில் செய்து வாங்கவில்லை. கண்ணாடி மட்டும் வெளியிலிருந்து வந்தது, தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில் இந்திய வானியற்பியல் மையத்தின் பட்டறையில். அது முடிவதற்கு முன்பே, 1982-இல் பாப்பு இறந்துவிட்டார். 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கி வைத்தபோது அதற்குப் பாப்புவின் பெயரையே வைத்தார்கள்.

அந்தக் கோபுரத்துக்குள் முதன்முறை நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேலே கூரை பிளந்து நகர்கிற சத்தம், ரயில் வண்டி மெதுவாக ஷண்டிங் அடிக்கிற மாதிரி. பிறகு சத்தம் நின்றது. பிளவு வழியாகக் குளிர்காற்று இறங்கியது. கூட வந்த பையன் ஒருவன் செல்போனை எடுத்தான். அங்கிருந்த ஊழியர் அவன் கையை மெல்லப் பிடித்து, "தம்பி, அந்த வெளிச்சமும் வேணாம்பா" என்றார். இந்த அறிவியலைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று இந்த மையத்தின் பல ஆய்வுகள் லடாக்கில், 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹான்லே தொலைநோக்கிக்குப் போய்விட்டன. அங்கே காற்று மெல்லிசு, ஈரம் இல்லை. காவலூர் அதோடு போட்டி போட முடியாது. ஆனால் ஒரே விண்மீனை வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனிக்கிற பொறுமையான வேலைக்கு, அதுவும் தென்வானத்துக்கு, காவலூர் இன்றும் நல்ல இடம்.

காவலூர் வேலூர் மாவட்டமா, திருப்பத்தூர் மாவட்டமா?

பழைய வட ஆற்காடு. பிறகு வேலூர். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது திருப்பத்தூர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏற வேண்டும்.

கோலார் தங்கவயலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அது சினிமா, சுரங்கம் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்?

வட ஆற்காட்டில் நிறைய குடும்பங்களுக்குத் தங்கவயல் சொந்தக் கதை. என் நைனாவின் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து போய் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கூலி வேலை செய்தவர். கூண்டில் இறங்கும்போது காது அடைத்துக்கொள்ளும், கீழே பாறையைத் தொட்டால் சுடும் என்று சொல்வார். "கீழே வேற ஒரு கூட்டம் இருந்துச்சுடா. படிச்சவங்க. தங்கம் தேட வரல. இருட்டுல பெட்டியை வச்சிட்டுச் சும்மா உக்காந்திருப்பாங்க" என்பார். சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை. கல்லூரியில் படிக்கும்போதுதான் அந்தக் கூட்டம் யார் என்று தெரிந்தது.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இயற்பியலாளர்கள் அவர்கள். மேலே வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் எந்நேரமும் காற்றில் வந்து மோதுகின்றன. அந்த மோதலில் மியூவான் என்ற துகள்கள் பிறந்து மழை மாதிரி இறங்குகின்றன. ஆழம் போகப் போக அந்த மழை எப்படிக் குறைகிறது என்று அளக்கவே முதலில் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். மிக ஆழத்தில் வாரக்கணக்கில் காத்தும் கருவியில் ஒரு மியூவான்கூட விழவில்லை. வேறு யாராவது என்றால் கருவியைக் கட்டிக்கொண்டு மேலே ஏறியிருப்பார்கள். அவர்கள் அதைத் தலைகீழாக யோசித்தார்கள்: இவ்வளவு அமைதியான இடம் கிடைத்திருக்கிறதே, நியூட்ரினோவைப் பிடிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்துகொண்டார்கள். சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளைச் சுவர் மாதிரி நிமிர்த்தி வைத்தார்கள். காரணம் எளியது. மேலிருந்து நேராக வருவது காஸ்மிக் கதிரின் மிச்சமாக இருக்கலாம். ஆனால் பக்கவாட்டில் வரும் மியூவான் பல கிலோமீட்டர் பாறையைத் தாண்டி வந்திருக்க முடியாது. பக்கத்துப் பாறையில் ஒரு நியூட்ரினோ மோதித்தான் அது பிறந்திருக்க வேண்டும். 1965-இல் அப்படிப்பட்ட தடம் கிடைத்தது. காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்ட இரண்டு இடங்களில் ஒன்று நம் தங்கவயல். மற்றொன்று தென்னாப்பிரிக்கா, அதுவும் தங்கச் சுரங்கம்தான், அதே ஆண்டு.

எண்பதுகளில் அங்கேயே புரோட்டான் சிதைகிறதா என்றும் பார்த்தார்கள். சிதைவு போலத் தெரிந்த சில நிகழ்வுகளை அறிவிக்கவும் செய்தார்கள், ஆனால் பிறகு வந்த பெரிய கருவிகள் அதை உறுதிப்படுத்தவில்லை. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. அந்த ஆழத்தை நாம் இழந்தோம் என்பதை இன்றும் மனக் கஷ்டத்தோடுதான் சொல்கிறேன். தோண்டியது நம் தாத்தாக்கள். அவர்கள் தோண்டிய பள்ளத்தில் உலகத் தரமான இயற்பியல் நடந்தது என்பது அவர்களில் பலருக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

நியூட்ரினோ உடம்புக்கு ஆபத்தா?

இல்லை. உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அதன் ஒரு சதுர சென்டிமீட்டர் வழியாக, ஒவ்வொரு நொடியும் சூரியனிலிருந்து கிட்டத்தட்ட 6,500 கோடி நியூட்ரினோக்கள் போகின்றன. ராத்திரியிலும் போகின்றன, பூமியைத் துளைத்து வந்து. பிறந்த நாள் முதல் இப்படித்தான். அவை அநேகமாக எதையும் தொடுவதில்லை, அதனால் எதையும் கெடுப்பதும் இல்லை.

அப்படியென்றால் தேனியில் ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

தேனி மாவட்டம் பொட்டிபுரம் அருகே மலையைக் குடைந்து, 50,000 டன் இரும்புக் கருவி வைத்து, தங்கவயலில் விட்ட வேலையைத் தொடர்வதுதான் திட்டம். 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எதிர்த்தவர்கள் சொன்னதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும் என்றது தவறு. மலையைக் குடைவது, பாறையை வெடிப்பது, மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு, தண்ணீர், ஊர் மக்களின் சம்மதம் பற்றிக் கேட்டவை நியாயமான கேள்விகள். தமிழ்நாடு அரசும் திட்டத்தை எதிர்த்தது. வழக்குகளுக்குள் போய் அது நின்றுவிட்டது.

என் கருத்தைக் கேட்டால், ஊர் மக்களிடம் ஆரம்பத்திலேயே தமிழில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். தங்கவயலில் பள்ளம் ஏற்கெனவே இருந்தது. தேனியில் புதிதாகத் தோண்ட வேண்டும். அந்த வேறுபாட்டை விஞ்ஞானிகள் குறைத்து மதிப்பிட்டார்கள்.

இதற்குள் உலகம் முன்னே போய்விட்டது. சீனாவில் 20,000 டன் திரவம் நிரப்பிய ஜூனோ என்ற கருவி 2025-இல் வேலையைத் தொடங்கிவிட்டது.

நியூட்ரினோவில் இன்னும் தெரிந்துகொள்ள என்ன மிச்சம்?

அதன் எடை. நியூட்ரினோ மூன்று வகை. 1998-இல் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே, ஒரு வகை நியூட்ரினோ போகிற வழியிலேயே இன்னொரு வகையாக மாறுகிறது என்று காட்டியது. இதற்கு அவர்கள் பயன்படுத்தியது காற்றுமண்டல நியூட்ரினோ, தங்கவயலில் கண்ட அதே இனம். மாற வேண்டுமென்றால் எடை இருந்தாக வேண்டும். எவ்வளவு? எலக்ட்ரானின் எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பது வரை வந்திருக்கிறார்கள். மூன்றில் எது கனம், எது லேசு என்ற வரிசையே இன்னும் முடிவாகவில்லை. ஜூனோவின் முக்கியமான வேலை அதுதான். இவ்வளவு லேசாக ஏன் இருக்கிறது என்பதற்கு நம் பாடப்புத்தகக் கோட்பாட்டில் பதில் கிடையாது. எனக்கு இதுதான் துகள் இயற்பியலிலேயே மிக இனிமையான புதிர்.

அடுத்து, அவற்றை அனுப்புவது யார் என்ற கேள்வி. 2023 பிப்ரவரியில் மத்தியதரைக் கடலுக்கு அடியில் உள்ள கே.எம்.3நெட் கருவியில் ஒரு துகள் வெட்டிச் சென்றது. அதை உண்டாக்கிய நியூட்ரினோவின் ஆற்றல், ஜெனிவா அருகே உள்ள பெரிய முடுக்கியில் ஒரு புரோட்டானுக்குக் கொடுக்கும் ஆற்றலைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. எங்கிருந்து வந்தது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இந்தத் துகள்களை வீட்டில் பார்க்க முடியுமா?

முடியும்! இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

நியூட்ரினோவை முடியாது, மியூவானை முடியும். முதலில் கருவியே இல்லாமல் ஒன்று செய்யுங்கள். உள்ளங்கையை விரித்து வானத்தைப் பார்த்தாற்போல் நீட்டுங்கள். கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு மியூவான் என்பது கணக்கு. அப்படியானால் ஒவ்வொரு நொடியும் உங்கள் கை வழியாக ஒன்றிரண்டு போகிறது. ஒவ்வொன்றும் நம் தலைக்கு மேல் 15 கிலோமீட்டர் வாக்கில் பிறந்தது. அதன் ஆயுள் சராசரி 2.2 மைக்ரோ நொடிதான். அந்த நேரத்தில் ஒளிவேகத்தில் ஓடினாலும் 660 மீட்டருக்கு மேல் வர முடியாது. பிறகு எப்படி நம் கைக்கு வந்தது? வேகமாக ஓடுவதன் கடிகாரம் நம் கண்ணுக்கு மெதுவாக ஓடுகிறது. ஐன்ஸ்டைன் சொன்னதற்கு உங்கள் உள்ளங்கையே சாட்சி.

கண்ணால் பார்க்க, மேகப் பெட்டி செய்ய வேண்டும். ஒரு கண்ணாடித் தொட்டி, மீன் வளர்ப்பது போதும். அடிப்பக்கத்தில் கம்பளித் துணியை ஒட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நன்றாக நனைக்க வேண்டும். தொட்டியைக் கவிழ்த்து, கறுப்பு வண்ணம் அடித்த உலோகத் தகட்டின் மேல் வைத்து, விளிம்பை அடைக்க வேண்டும். தகட்டுக்குக் கீழே உலர் பனிக்கட்டி, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. அது மைனஸ் 78 டிகிரி, தடித்த கையுறை இல்லாமல் தொடக்கூடாது, கதவு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். ஆல்கஹால் தீப்பிடிக்கும், அதனால் அடுப்பும் விளக்கும் பக்கத்தில் கூடாது.

நாங்கள் முதல் தடவை செய்தது மே மாதம், பகலில். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பனிக்கட்டி கரைந்து போனதுதான் மிச்சம். அடுத்த தடவை டிசம்பரில், மாலை ஏழு மணிக்கு, அறையை இருட்டாக்கி, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தோம். பத்து நிமிடம் வெறும் தூறல் மாதிரி ஆவி இறங்கியது. பிறகு ஒரு கோடு. பிளேடால் கீறியது போல மெல்லிய, நேரான வெள்ளைக் கோடு, ஒரு நொடி நின்று கலைந்தது. மியூவான். கொஞ்ச நேரத்தில் குட்டையாக, தடிமனாக ஒன்று: காற்றில் உள்ள ரேடான் வாயுவிலிருந்து வந்த ஆல்பா துகள். சுருண்டு நெளிந்து போவது எலக்ட்ரான். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. "சார், இது எப்பவுமே நடந்துட்டுதான் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்தாகிவிட்டதே. அதோடு துகள் இயற்பியல் முடிந்துவிட்டதா?

அடிப்படைத் துகள்களுக்கு எடை வரும் விதத்தோடு தொடர்புள்ள துகள் அது. 2012 ஜூலை 4-இல், ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வகம் அறிவித்தது. புரோட்டானைப் போல் 133 மடங்கு கனம். போஸான் என்ற அந்த இனப்பெயர் நம் நாட்டு சத்யேந்திரநாத் போஸின் பெயரிலிருந்து வந்தது. "கடவுள் துகள்" என்ற பட்டம் பத்திரிகைகளுக்குப் பிடித்தது, இயற்பியலாளர்களுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது.

அதற்குப் பிறகு செர்னின் 27 கிலோமீட்டர் முடுக்கி வளையத்தில் புதிதாக வேறு அடிப்படைத் துகள் எதுவும் சிக்கவில்லை. இது பலருக்கு ஏமாற்றம். மியூவானின் காந்தத் தன்மையில் கணக்குக்கும் அளவுக்கும் இடிக்கிறது என்று இருபது ஆண்டுகளாக ஒரு நம்பிக்கை இருந்தது. 2025-இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகம் இறுதி அளவை மிகத் துல்லியமாக வெளியிட்டது. அதே நேரத்தில் கோட்பாட்டுக் கணக்கையும் திருத்திப் போட்டார்கள். இரண்டும் நெருங்கி வந்துவிட்டன. புதிய துகளின் வாசனை என்று நினைத்தது, இப்போதைக்குக் கணக்கின் கோளாறு போலத் தெரிகிறது. இதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. தான் ஆசைப்பட்ட விடையைத் தானே அடித்துத் திருத்தும் துறை இது. பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பாக்கி நிறைய இருக்கிறது. பெருவெடிப்பில் பொருளும் எதிர்ப்பொருளும் சரிபாதி பிறந்திருந்தால் ஒன்றையொன்று அழித்து ஒளி மட்டும்தானே மிஞ்சியிருக்கும்? நாம் எப்படி மிஞ்சினோம்? தெரியாது.

கரும்பொருள் என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாததை எப்படி நம்புவது?

திருவிழாவில் குடை ராட்டினம் பார்த்திருப்பீர்கள். வேகம் கூடக் கூடச் சங்கிலி வெளியே வீசும். சங்கிலி பலமில்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் நாற்காலி பிய்த்துக்கொண்டு போய்விடும். விண்மீன் மண்டலங்களின் ஓரத்தில் உள்ள விண்மீன்கள் அப்படித்தான் சுற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பை மட்டும் சங்கிலியாக வைத்துக் கணக்குப் போட்டால் அவை என்றைக்கோ சிதறியிருக்க வேண்டும். எழுபதுகளில் வேரா ரூபின், கென்ட் ஃபோர்டு இருவரும் ஆந்திரமேடா மண்டலத்தில் தொடங்கி மண்டலம் மண்டலமாக அளந்து இதை உறுதியாகக் காட்டினார்கள். நமக்குத் தெரியாத சங்கிலி ஒன்று பிடித்திருக்கிறது.

பிரபஞ்சத்தின் மொத்தக் கணக்கில் நாம், மலை, சூரியன், எல்லா விண்மீனும் சேர்ந்து 5 சதவீதம். கரும்பொருள் சுமார் 27. மிச்சம் 68 இருண்ட ஆற்றல்.

கரும்பொருளைக் கையும் களவுமாகப் பிடிக்க எங்கே போயிருக்கிறார்கள் என்று பாருங்கள்: மறுபடியும் தங்கச் சுரங்கம்! அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவில் மூடிய தங்கச் சுரங்கம் ஒன்றில், ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் ஆழத்தில், 10 டன் திரவ ஸெனானை வைத்துக் காத்திருக்கிறார்கள். இதுவரை ஒன்றும் விழவில்லை. அதைப் படிக்கும்போதெல்லாம், "இருட்டுல பெட்டியை வச்சிட்டுச் சும்மா உக்காந்திருப்பாங்க" என்ற தாத்தாவின் குரல் கேட்கிறது.

இருண்ட ஆற்றல் மாறிவிட்டது என்று செய்தியில் வந்ததே?

மாறியிருக்கலாம் என்று ஒரு குறிப்பு கிடைத்திருக்கிறது. அரிசோனாவில் டெசி என்ற கருவி, 5,000 ஒளியிழைகளைக் கொண்டு ஒரு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்களின் தூரத்தைப் பதிவு செய்கிறது. பிரபஞ்சம் விரிவதை முடுக்கிவிடும் அந்த ஆற்றல் காலப்போக்கில் பலவீனமாகிறதோ என்று 2024, 2025 முடிவுகள் சந்தேகப்பட வைக்கின்றன. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் அளவுக்கு உறுதி இன்னும் வரவில்லை.

இதோடு இன்னொரு வம்பும் உண்டு. பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது? பெருவெடிப்பிலிருந்து மிஞ்சிய பழைய ஒளியை வைத்து அளந்தால், ஏறத்தாழ 33 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு நொடிக்கு 67 கிலோமீட்டர் என்று வருகிறது, பக்கத்து மண்டலங்களை வைத்து அளந்தால் 73 வாக்கில் வருகிறது. இரண்டு தராசும் நல்ல தராசு. சிலியில் 3,200 மெகாபிக்ஸல் கேமராவோடு 2025-இல் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் ஆய்வகம் அடுத்த பத்து ஆண்டு தென்வானம் முழுவதையும் திரும்பத் திரும்பப் படம் எடுக்கப் போகிறது. இப்போது ஏழாவது படிக்கும் பிள்ளை எம்.எஸ்சி. முடிக்கும்போது இதற்கு விடை வந்திருக்கலாம்.

ஈர்ப்பலை?

2015 செப்டம்பர் 14-இல் அமெரிக்காவின் லைகோ கருவிகளில் முதன்முதலாகப் பிடித்தார்கள். இரண்டு கருந்துளைகள் மோதியதில் விண்வெளியையே நெளித்துக்கொண்டு பரவிய அலை. மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி மாவட்டத்தில் 4 கிலோமீட்டர் நீளக் கைகளோடு லைகோ-இந்தியா கட்ட 2023-இல் அரசு 2,600 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புக்கொண்டது. அங்கேயும் பிரச்சினை இரைச்சல்தான். தூரத்தில் லாரி போனாலும் கருவிக்குத் தெரியும்.

துகள்களை மோதவிட்டால் கருந்துளை உண்டாகி பூமியை விழுங்கிவிடாதா?

விழுங்காது. செர்னில் மோதுவதைவிடப் பல மடங்கு ஆற்றலோடு காஸ்மிக் கதிர்கள் 450 கோடி ஆண்டுகளாகப் பூமியில் மோதிக்கொண்டே இருக்கின்றன. பூமி இருக்கிறது.

இதனாலெல்லாம் சாதாரண மக்களுக்கு என்ன பயன்?

காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறவர்களைக் கேளுங்கள். வங்காளத்திலிருந்து, வடகிழக்கிலிருந்து, எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். புற்றுநோய்க்கு "கரண்ட் வைக்கணும்" என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்தக் கரண்ட் வைக்கும் இயந்திரம் ஒரு துகள் முடுக்கி. எலக்ட்ரானை ஒரு குழாய்க்குள் ரேடியோ அலையால் விரட்டி உலோகத் தகட்டில் மோத விடுகிறார்கள், அதிலிருந்து வரும் கதிர் கட்டியைத் தாக்குகிறது. செர்னில் நடப்பதும் அடிப்படையில் இதே விரட்டல்தான், அளவு பெரியது.

பெட் ஸ்கேனில் இன்னும் வியப்பு. ஊசியில் ஏற்றும் மருந்து பாசிட்ரானை வெளியிடுகிறது. பாசிட்ரான் என்பது எதிர்ப்பொருள். உடம்புக்குள் ஓர் எலக்ட்ரானைச் சந்தித்த கணமே இரண்டும் அழிந்து, எதிரெதிர்த் திசையில் இரண்டு ஒளிக்கீற்றுகள் பாய்கின்றன. அவற்றைப் பிடித்துத்தான் கட்டி எங்கே என்று சொல்கிறார்கள். என் அம்மாவை ஸ்கேனுக்கு அழைத்துப் போனபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பதினைந்து வருடம் கரும்பலகையில் எழுதிய ஒரு சமன்பாடு, கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவுக்குள் நடந்துகொண்டிருந்தது.

பயன் இல்லாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் கேட்பவருக்குப் பதில் உண்டு.

என் பிள்ளை தமிழ்வழியில் படிக்கிறான். இந்தத் துறைக்குப் போக முடியுமா?

தாராளமாக. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும், அதிலும் கணிதம் நன்றாக வேண்டும். அதன்பின் ஐசர், நைசர் போன்ற நிறுவனங்களில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். கிடைக்கவில்லையா, பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து, ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. போகலாம். முனைவர் பட்டத்துக்கு ஜெஸ்ட், நெட் தேர்வுகள். சென்னையில் கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரில் வானியற்பியல் மையம், இரண்டுமே நம் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆராய்ச்சி மாணவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வரும், வீட்டிலிருந்து பணம் போடத் தேவையில்லை. இதைப் பெற்றோரிடம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பிள்ளைகள் அந்த இடத்தில்தான் நிறுத்தப்படுகிறார்கள். ஆங்கிலம் இரண்டு வருடத்தில் வந்துவிடும்.

கம்ப்யூட்டரில் பைத்தான் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். இன்றைய வானியலாளர் தொலைநோக்கியில் கண் வைப்பதைவிடத் தரவோடு மல்லுக்கட்டுவதே அதிகம்.

காவலூருக்கு நாங்களும் போகலாமா? எப்போது?

போகலாம். பொதுமக்களுக்குச் சனிக்கிழமை மாலை நேரம் ஒதுக்குவது அங்கே வழக்கம். கிளம்பும் முன் ஆய்வகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். மலையில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

மலையடிவார ஊர்க்காரர்களாகிய நாங்கள் இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

விளக்கைக் கீழே பார்க்க வையுங்கள். நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு பதிலுக்காகத்தான்.

வீட்டு வாசலில், கடையில், கோயில் கோபுரத்தில், மாட்டுக் கொட்டகையில் போடும் எல்.இ.டி. விளக்குகளின் வெளிச்சத்தில் ஒரு பங்கு மேலே போகிறது. அது யாருக்கும் பயனில்லை. தகரத்தில் ஒரு மூடி போட்டால் தரையில் வெளிச்சம் கூடும், வானத்தில் குறையும். நீல வெள்ளை விளக்கைவிட மஞ்சள் விளக்கு நல்லது. பத்து மணிக்கு மேல் அலங்கார விளக்கை அணைத்துவிடலாம். ஹான்லேயைச் சுற்றி 2022-இல் இருள்வானக் காப்பகம் அறிவித்தார்கள், ஊர் மக்களே அதில் பங்கெடுக்கிறார்கள். ஜவ்வாது மலைக்கும் அது வேண்டும். தங்கவயலில் ஆழத்தை இழந்தாயிற்று. காவலூரில் இருட்டு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆலங்காயம் பக்கம் வானம் கறுப்பாக இருந்தது, இப்போது அடிவானத்தில் சாம்பல் பூசிய மாதிரி ஒரு வெளிச்சம் ஏறி நிற்கிறது.

அங்கே போனால் வெறும் கண்ணால் எதைப் பார்க்க வேண்டும்?

ஜனவரி கடைசியில், நிலா இல்லாத இரவில், ஒன்பது மணி வாக்கில் தெற்கே திரும்பி நில்லுங்கள். பளிச்சென்று தெரிவது அகத்தியர் நட்சத்திரம். கையை நீட்டி, அதற்குக் கீழே, சற்று வலப்பக்கமாக, ஒரு சாண் அளவு இறங்குங்கள். அடிவானத்துக்கு மேல் எட்டு டிகிரி, நீட்டிய கையில் மடக்கிய முஷ்டி அளவுகூட இல்லை. மரமும் மலையும் மறைக்காத இடமாகப் பார்த்து, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள். காற்று சுத்தமாக, கீழே ஊர்களில் வெளிச்சம் குறைவாக இருக்கும் ராத்திரியில், அங்கே மெல்லிய வெண்புகை மாதிரி ஒன்று இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாகத் தெரியும். பெரிய மெகல்லன் மேகம். அந்தத் திங்கட்கிழமை மதியம் நம்மைத் துளைத்துப் போனவை அங்கிருந்துதான் வந்தன.